கத்தித் தாக்குதலுக்கு எதிரான தற்காப்பு: பயிற்சி முறையும் பலத்தின் எல்லையும்

கத்தித் தாக்குதலுக்கு எதிரான தற்காப்பைக் கற்க வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, எதிராளியின் கையிலிருந்து கத்தியை எப்படிப் பறிப்பது என்பதைத்தான். கத்தியைப் பறிப்பது இந்தப் பயிற்சியின் இலக்கு அன்று. உயிரோடும், இயன்றவரை காயம் குறைவாகவும், பின்னர் சட்டத்தின் முன் தன் செயலுக்கு விளக்கம் சொல்லக்கூடிய நிலையிலும் அந்த இடத்தை விட்டு வெளியேறுவதே இலக்கு. பறித்தல் அதற்கு உதவினால் நல்லது. உதவாத இடத்தில் அதற்காக ஒரு விநாடி கூடச் செலவிடக்கூடாது.

மேற்சொன்னவற்றுள் கடைசியானதை, அதாவது பலத்தை எவ்வளவு, எதுவரை பயன்படுத்தலாம் என்ற கேள்வியை, பெரும்பாலான வகுப்புகள் இறுதியில் சொல்லும் ஓர் எச்சரிக்கையோடு முடித்துக்கொள்கின்றன. அது போதாது. அடிக்கப் பழகிய கை, பதற்றத்தில், பழகியதையே தொடர்ந்து செய்யும். எங்கே நிறுத்துவது என்பதையும் அந்தக் கைக்குப் பழக்கியிருந்தால்தான் அது நிற்கும். ஆகவே, நிறுத்துவதும் ஓர் உத்தி என்றே இங்கு கொள்ளப்படுகிறது.

உண்மையான தாக்குதலின் இயல்பு

மேடைச் செயல்விளக்கங்களில் தாக்குகிறவர் தொலைவிலிருந்து ஓங்கிய கத்தியோடு வருவார், ஒரே ஒரு குத்துக் குத்துவார், பிறகு கையை நீட்டியபடியே அசையாமல் நிற்பார். தற்காப்பவர் மணிக்கட்டைத் திருக, கத்தி கீழே விழும். பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் கத்தி பெரும்பாலும் கடைசிக் கணம் வரை கண்ணில் படுவதில்லை. தொடைக்குப் பின்னாலோ உடைக்குள்ளோ மறைந்திருக்கும். தாக்குகிறவரின் வெறுங்கை சட்டையைப் பற்றி இழுக்கவோ தள்ளவோ செய்ய, கத்தி பிடித்த கை குறுகிய தொலைவில் மீண்டும் மீண்டும் உள்ளே சென்று திரும்பும். ஒவ்வொரு முறையும் கை உடனே பின்வாங்குவதால், அதை அந்தரத்தில் பிடிப்பது மிகவும் கடினம். குத்துப்பட்டவர்களில் பலர், தங்கள் மீது விழுந்தது முஷ்டி அடி என்றே முதலில் எண்ணியதாகவும், இரத்தத்தைக் கண்ட பிறகே கத்தியை உணர்ந்ததாகவும் கூறியிருக்கிறார்கள்.

இதிலிருந்து பயிற்சிக்கு நேரடியான விளைவு ஒன்று உண்டு. ஒவ்வொரு வகைக் குத்துக்கும் ஒவ்வொரு தனி மறுமொழி என்று இருபது உத்திகளை மனப்பாடம் செய்வது பயன் தராது. தெரிவுகள் கூடக்கூட, அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனிதருக்கு ஆகும் நேரமும் கூடுகிறது என்பதைப் பிரித்தானிய உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இரண்டு அல்லது மூன்று மறுமொழிகள், அவையும் எந்தக் கோணத்திலிருந்து கத்தி வந்தாலும் ஓரளவு பொருந்துபவை, இவையே ஒரு சாதாரண மனிதர் பழகி வைத்துக்கொள்ளக்கூடிய அளவு.

தொலைவைப் பற்றிய மற்றொரு கணக்கும் இங்கே தேவை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதிய கட்டுரையில், சராசரி உடல்வாகுள்ள ஒருவர் 21 அடியை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார் என்று எடுத்துக்காட்டினார். பயிற்சி பெற்ற ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுடுவதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். பின்னாளில் இது, 21 அடிக்குள் கத்தியோடு எவர் நின்றாலும் சுடலாம் என்ற விதியாகத் திரிக்கப்பட்டது. டூலர் சொல்ல வந்தது அதுவன்று. எதிர்வினைக்குத் தேவைப்படும் இடைவெளி நாம் நினைப்பதைவிடப் பெரியது என்பதே அவர் காட்டியது. ஆயுதமில்லாதவருக்கு இதன் பொருள் எளிது: கத்தியைக் கண்ட பின் யோசித்து முடிவெடுக்க அநேகமாக நேரமிருக்காது. முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பயிற்சிக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தல்

எந்தக் கலையின் பெயரில் கற்பிக்கப்படுகிறது என்பது இரண்டாம் பட்சம். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சண்டைக் கலைகளான காளி, எஸ்கிரிமா, இமி லிக்டன்ஃபெல்ட் வகுத்த இஸ்ரேலியத் தற்காப்பு முறையான கிராவ் மகா, ஜூடோவில் கிமே நோ கத்தா எனப்படும் பயிற்சி வரிசை என எல்லாவற்றிலும் கத்திக்கு எதிரான பாடங்கள் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே தேய் லிபேரி கூட, குத்துவாள் பாடங்களில் தாக்குபவரின் கையைக் கட்டுப்படுத்துவதையே அடிப்படையாக வைத்தார். பெயர்கள் மாறினாலும் மனித முழங்கை மாறவில்லை. எனவே கலையைப் பார்ப்பதைவிட, அது கற்பிக்கப்படும் முறையைப் பாருங்கள்.

ஒரு வகுப்பை ஓரமாக அமர்ந்து கவனிக்க அனுமதி கேளுங்கள். தாக்குபவராக நடிக்கும் மாணவர் உண்மையாகவே எதிர்க்கிறாரா, கையைப் பின்னிழுக்கிறாரா, மற்றக் கையால் தள்ளுகிறாரா என்று பாருங்கள். தற்காப்பவர் சில வேளைகளிலேனும் தோற்கிறாரா என்று பாருங்கள். எவருமே குத்துப்படாத வகுப்பில் நடப்பது நடனம். ஓடிப்போவதை ஆசிரியர் கற்பிக்கிறாரா, அல்லது அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்கிறாரா? முதலுதவி பாடத்திட்டத்தில் இருக்கிறதா? தம் நாட்டுத் தற்காப்புச் சட்டத்தை அவர் குறைந்தபட்சம் தெளிவாக விளக்குவாரா? நூறு விழுக்காடு வெற்றி தரும் உத்தி என்று யாராவது வாக்களித்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

கருவிகளும் பயிற்சிக் கூடத்தின் ஒழுங்கும்

கூர்மையான கத்தி பயிற்சி அறைக்குள் வரவே கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. அனுபவசாலிகளுக்கென்று தனிச் சலுகையும் இல்லை. வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பைகளையும் சட்டைப்பைகளையும் தாமே சோதித்து, பிறகு கூட்டாளி ஒருவரைச் சோதிக்கச் செய்ய வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு மடக்குக் கத்தியும் கணக்கில் சேரும். இடைவேளைக்கு வெளியே சென்று திரும்புகிறவரும் மறுபடி சோதிக்கப்பட வேண்டும்.

தொடக்க நிலையில் வளையக்கூடிய ரப்பர் கத்தியோ நுரைக் கத்தியோ போதும். அலுமினியப் பயிற்சிக் கத்தி, எடையிலும் விறைப்பிலும் உண்மைக்கு நெருக்கமானது என்றாலும், அதன் மழுங்கிய முனையே விலா எலும்பை உடைக்கவும் கண்ணைப் பறிக்கவும் வல்லது. மெதுவான பயிற்சிக்கு மட்டுமே அது ஏற்றது. வேகம் கூடும்போது கண்ணைக் காக்கும் கண்ணாடியும் பல்காப்பும் இன்றியமையாதவை. முழு எதிர்ப்போடு செய்யும்போது வாள்வீச்சு வீரர்கள் அணிவது போன்ற முகக்கவசம் இருப்பது நல்லது. கத்தி எங்கெங்கே பட்டது என்பதை அறிய, கழுவினால் போகும் வண்ணத்தையோ சுண்ணத்தையோ அதன் விளிம்பில் தடவுங்கள். வெள்ளைப் பனியனில் பதியும் கோடுகள் எந்த ஆசிரியரின் சொல்லையும்விட நேர்மையானவை. நன்றாகச் செய்தோம் என்று நினைத்த சுற்றின் முடிவில் முன்கையிலும் வயிற்றிலும் ஏழெட்டுக் கோடுகளைக் காண்பவர், அதன் பிறகு ஓடுவதைப் பற்றிக் கேலி பேச மாட்டார்.

எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு நிறுத்தச் சொல் இருக்க வேண்டும். அதை யார் உரக்கச் சொன்னாலும், காரணம் கேட்காமல் அத்தனை பேரும் அந்த இடத்திலேயே உறைய வேண்டும். வேகமான சுற்றுகளில் பங்கேற்காமல் கவனிப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். மூட்டைத் திருகும் பிடிகளில், பிடிபட்டவர் போதும் என்று கையால் தட்டியதும் விடுவது எந்தக் கூடத்திலும் தெரிந்த ஒழுங்குதான்.

இன்னொரு பழக்கத்தைத் தொடக்கத்திலேயே களைய வேண்டும். கத்தியைப் பறித்தவுடன், அடுத்த சுற்றுக்காக அதை மரியாதையாகக் கூட்டாளியிடமே திருப்பி நீட்டுவது பயிற்சிக் கூடங்களில் இயல்பாக நடக்கிறது. ஆயிரம் முறை அப்படிச் செய்த கை, ஆபத்துக் காலத்திலும் அதையே செய்யக்கூடும். ஒவ்வொரு முறையும் கத்தியை எட்டாத தொலைவுக்குத் தள்ளி, தாமும் பல அடிகள் விலகி, சுற்றுமுற்றும் பார்த்து முடித்த பிறகே சுற்று முடிந்ததாகக் கொள்ளுங்கள். கத்தியைக் கூட்டாளியே போய் எடுத்துக்கொள்ளட்டும்.

விலகுதல், தடை வைத்தல், வெளியேறுதல்

பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும். ஓர் இடத்தில் நுழையும்போது வெளியேறும் வழிகளைப் பார்த்து வைப்பது, முன்பின் தெரியாதவர் காரணமின்றி நெருங்கும்போது கோணம் மாற்றி நடப்பது, ஒருவரின் ஒரு கை மட்டும் தொடர்ந்து மறைந்திருப்பதைக் கவனிப்பது ஆகியவை உத்திகளைவிட அதிகம் காப்பவை. வாக்குவாதம் முற்றும்போது திறந்த உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் முன்னே வைத்து, ஒரு கால் பின்னே போட்டு, தெளிவான சிறு சொற்களில் பேசப் பழகுங்கள்: “எனக்குச் சண்டை வேண்டாம். நான் போகிறேன். அங்கேயே நில்லுங்கள்.” இந்த நிலை கைகளைத் தற்காப்புக்கு ஆயத்தமாக வைக்கிறது, அதே வேளையில், பார்க்கிற எவருக்கும் நீங்கள் சண்டையைத் தவிர்க்க முயன்றதையும் காட்டுகிறது.

பொருளைப் பறிக்க வந்தவரிடம் பொருளைக் கொடுத்துவிடுங்கள். கையில் கொடுக்க நெருங்க வேண்டியதில்லை; பணப்பையையோ கைப்பேசியையோ ஒரு பக்கமாக வீசிவிட்டு எதிர்ப்பக்கம் நகரலாம். பொருளைப் பெற்ற பிறகும் அவர் நெருங்கினாலோ, வேறோர் இடத்துக்கு வரச் சொன்னாலோ நிலைமை மாறிவிட்டது என்று பொருள். அப்போது ஓடவும் கூச்சலிடவும் தாமதிக்கக்கூடாது.

ஓடுவதையும் உடலால் பழக வேண்டும். திரும்பி ஓடுவதற்கு முன் ஒரு தடையை இடையில் வைப்பது நல்லது: மேசை, நாற்காலி, நிறுத்தியிருக்கும் வாகனம், கதவு. நாற்காலியின் கால்களை எதிராளியை நோக்கிப் பிடிப்பது பழைய முறை, ஆனால் இன்றும் பயனுள்ளது. முதுகுப்பையை மார்பின் முன் பிடித்தால் சில குத்துகளையாவது அது வாங்கிக்கொள்ளும். கூடத்தில் நாற்காலிகளைத் தாறுமாறாகப் போட்டு, கதவை ஒரு மூலையில் வைத்து, தாக்குபவர் எத்திசையிலிருந்தும் கிளம்பலாம் என்ற நிலையில் தற்காப்பவர் கதவைத் தாண்டிவிட்டால் வெற்றி என்று ஆடிப்பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுகளிலேயே மாணவர்களின் கண்கள் கத்தியை விட்டுக் கதவைத் தேடத் தொடங்கும்.

உடன் குழந்தையோ, நடக்க இயலாத முதியவரோ இருந்தால் ஓட்டம் வழியாகாது. மாற்றுத்திறனாளிகளுக்கும் இதுவே பொருந்தும். அவர்களுக்குத் தடையும் குரலும் கதவைப் பூட்டிக்கொள்வதும் முதன்மையாகின்றன. பாடத்திட்டம் ஒவ்வொருவர் உடலுக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப மாற வேண்டும்.

கைக்கெட்டும் தொலைவில்

விலக வழியே இல்லாதபோது, அந்தரத்தில் அலையும் மணிக்கட்டைத் துரத்தாமல், தாக்கும் கையையே மூல இலக்காகக் கொள்ளுங்கள். முதற்கட்டத்தில் உங்கள் முன்கைகளை முன்னே நிறுத்தி கழுத்தையும் மார்பையும் மறைப்பது, அடுத்த நொடியில் உடல் எடையோடு முன்னேறி, இரண்டு கைகளாலும் அந்த ஒரு கையைப் பற்றுவது, பற்றியதைத் தாக்குபவரின் உடலோடோ சுவரோடோ அழுத்தி அது பின்வாங்க முடியாமல் செய்வது: அடிப்படை இவ்வளவுதான். ஒரு கையால் பிடிக்க முயல்கிறவர் அநேகமாகத் தோற்கிறார், ஏனெனில் பின்னிழுக்கும் விசை ஒரு கைப்பிடியைவிட வலிமையானது. முழங்கைக்கு மேலாகவும் மணிக்கட்டுக்கு அருகிலுமாக இரண்டு இடங்களில் பிடி விழுந்தால் கையின் சுழற்சி குறைகிறது.

பிடி விழுந்த பிறகு மூன்று தெரிவுகள் உண்டு. தள்ளிவிட்டு ஓடுவது முதலாவது. வாய்ப்பிருந்தால் எப்போதும் அதுவே. எதிராளியின் சமநிலையைக் கெடுத்துக் கீழே வீழ்த்தி ஓடுவது அடுத்தது. பிடி உறுதியாகவும் எதிராளி தளர்ந்தும் இருக்கும்போது மட்டுமே பறிக்க முயலலாம். கையில் வெட்டு விழும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு பழகுங்கள். முன்கையின் வெளிப்புறத்தில் விழும் வெட்டு கழுத்தில் விழும் வெட்டைவிட எவ்வளவோ மேல். வெட்டுப்பட்டதும் பயிற்சியில் நின்றுவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சுண்ணக் கோடு விழுந்தாலும் வெளியேறும் வரை தொடர வேண்டும்.

படிமுறை முக்கியம். முதலில் எதிர்ப்பில்லாமல் மெதுவாக, பிறகு கையைப் பின்னிழுக்கும் எதிர்ப்போடு, அதன் பின் தள்ளுதலும் இழுத்தலும் சேர்த்து, கடைசியாகத் தாக்குபவர் எப்போது, எப்படி வருவார் என்று தெரியாத நிலையில். கடைசிப் படிக்கு அவசரப்பட்டு ஓடுகிற கூடங்களில் காயங்களும் தவறான தன்னம்பிக்கையும் சேர்ந்தே வளர்கின்றன.

பலத்தின் எல்லை

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வாழும் இடத்துச் சட்டத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டறிவதற்கு மாற்று கிடையாது. ஆயினும் பெரும்பாலான சட்ட முறைகள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கின்றன. ஆபத்து உடனடியானதா, அல்லது நேற்று நடந்ததற்கும் நாளை நடக்கலாம் என்பதற்குமான பழிவாங்கலா? பலத்தைப் பயன்படுத்துவது அவசியமாக இருந்ததா? பயன்படுத்திய பலம் எதிர்கொண்ட ஆபத்துக்குப் பொருந்தியதா? சண்டையைத் தொடங்கியவர் யார்? அதே நிலையில் நியாயமான வேறொருவரும் அப்படித்தான் நம்பியிருப்பாரா?

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 37ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு விளைவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றும், அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் தற்காப்பு உரிமை எழாது என்றும் வரையறுக்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்கள், பாதுகாப்பாகப் பின்வாங்க முடியுமானால் உயிர்ப்பறிப்புப் பலத்தைப் பயன்படுத்துமுன் பின்வாங்கியாக வேண்டும் என்கின்றன; வேறு பல மாநிலங்கள் அந்தக் கடமையை விதிப்பதில்லை. பின்வாங்கும் கடமை இல்லாத இடத்திலும், பின்வாங்குவது உடலுக்கு நல்லது என்பதால் அதைப் பழகுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

அதே வேளையில், நீதிமன்றங்கள் தாக்கப்பட்டவரிடம் தராசு வைத்து நிறுக்கும்படி கேட்பதும் இல்லை. 1971-ல் லண்டனிலுள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த பாமர் (Palmer) என்பவரின் வழக்கில், தாக்குதலுக்கு ஆளான ஒருவரால் தம் தற்காப்பின் துல்லிய அளவை நுணுக்கமாக எடை போட இயலாது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தக் கணத்தில் அவசியம் என்று உண்மையாகவும் இயல்பாகவும் நம்பியதைச் செய்தவருக்கு அது வலுவான ஆதரவு. ஆனால் ஆபத்து முடிந்த பின்னும் செய்தவற்றுக்கு அந்த ஆதரவு நீள்வதில்லை. கத்தி கைமாறிய கணத்தில், அல்லது தாக்கியவர் திரும்பி ஓடத் தொடங்கிய கணத்தில், தாக்கப்பட்டவர் என்ற நிலையிலிருந்து தாக்குபவர் என்ற நிலைக்கு ஒருவர் சென்றுவிட ஓர் அடி போதும். கீழே விழுந்து அசைவற்றவரை உதைப்பது, ஓடுகிறவரைத் துரத்திச் செல்வது, பறித்த கத்தியால் திருப்பிக் குத்துவது ஆகிய மூன்றும் தற்காப்பு வாதத்தைப் பலவீனப்படுத்தக்கூடிய பொதுவான வழிகள்.

நிறுத்தப் பழகுதல்

அறிவுரையாகச் சொன்னால் இது நினைவில் நிற்காது. எனவே சம்பவப் பயிற்சியாக அமைக்க வேண்டும். தாக்குபவராக நடிப்பவருக்கு ஆசிரியர் ரகசியமாக ஒரு குறிப்பைக் கொடுப்பார். தற்காப்பவருக்கு அது தெரியாது. ஒரு சுற்றில் நெருங்கி வருபவர் சட்டைப்பையிலிருந்து எடுப்பது கைப்பேசி. இன்னொன்றில் கத்தியைக் காட்டித் திட்டுவார், ஆனால் அருகே வராமல் விலகிச் சென்றுவிடுவார். மற்றொன்றில் முழு வேகத்தில் தாக்குவார். பிடி விழுந்ததும் கத்தியை நழுவவிட்டுக் கைகளை உயர்த்துவார். வேறொன்றில் கத்தி விழுந்த பிறகும் அதை எடுக்கக் குனிவார். தள்ளாடியபடி கத்தியை வெறுமனே கையில் வைத்திருக்கும், மனநிலை குழம்பிய ஒருவரும் பாத்திரங்களில் இருக்கட்டும். அவரை நெருங்காமல், மற்றவர்களை விலக்கி, உதவியை அழைப்பதே அங்கே சரியான விடை.

இந்தச் சுற்றுகளைக் கலந்து கொடுக்கும்போது மாணவர் உத்தியை ஒப்புவிக்க முடியாது. பார்த்து, முடிவெடுத்து, மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். முதல் முறை ஆடும்போது பெரும்பாலோர் கைகளை உயர்த்தியவரையும் ஓரிரு அடி அடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து அவர்களே திகைப்பதுதான் பாடம். கொடுமை மனத்தால் அவர்கள் அப்படிச் செய்வதில்லை. நிறுத்துவதற்கான அடையாளங்களைத் தேட அவர்களின் கண் பழக்கப்படவில்லை, அவ்வளவுதான். கத்தி இப்போது எங்கே இருக்கிறது, அந்தக் கை என்ன செய்கிறது, அவர் என்னை நோக்கி வருகிறாரா விலகுகிறாரா என்ற மூன்று கேள்விகளைச் சுற்று நடக்கும்போதே உரக்கச் சொல்லும்படி செய்தால் மாற்றம் விரைவில் தெரியும். “கத்தியைப் போடு”, “விலகிப் போ” என்று கட்டளையாகச் சொல்லிக்கொண்டே செயல்படப் பழகுவதும் அதே வகையில் உதவுகிறது; பேசும் வாய் மூச்சைச் சீராக்குகிறது, சுற்றி நிற்பவர்களும் கேட்கிறார்கள், எதிராளிக்கும் சண்டையை விட்டு விலக ஒரு வழி கிடைக்கிறது.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தற்காப்பவர் ஒரு நிமிடம் விளக்கம் தர வேண்டும்: என்ன கண்டேன், எதனால் அஞ்சினேன், என்ன செய்தேன், ஏன் நிறுத்தினேன் அல்லது ஏன் தொடர்ந்தேன். கவனித்தவர் தாம் கண்டதைச் சொல்வார். இரண்டும் பெரும்பாலும் பொருந்தா. பதற்றத்தில் பார்வை குறுகுகிறது, ஒலிகள் காதில் விழாமல் போகின்றன, நேரம் நீண்டோ சுருங்கியோ தோன்றுகிறது. நினைவும் துண்டு துண்டாகவே பதிகிறது. தன் நினைவை எவ்வளவு நம்பலாம் என்பதை மாணவர் கூடத்திலேயே அறிந்துகொண்டால், பின்னொரு நாள் வாக்குமூலம் அளிக்கும்போது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டார்.

தற்காப்புக்காகக் கத்தி வைத்துக்கொள்ளலாமா

இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரும். என் மறுமொழி, வேண்டாம் என்பதே. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டப்படி, காயப்படுத்தும் நோக்கத்தோடு பொது இடத்தில் எடுத்துச் செல்லும் எந்தப் பொருளும் ஆயுதமாகக் கருதப்படலாம்; அன்றாட வேலைக்கென்றால் அனுமதிக்கப்படும் சிறு மடக்குக் கத்தியும், தற்காப்புக்காக என்று சொன்ன மாத்திரத்தில் அந்த வரையறைக்குள் விழுந்துவிடக்கூடும். வேறு நாடுகளில் அலகின் நீளமும் பூட்டும் வகையும் அளவுகோல்கள். சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் நடைமுறைக் காரணம் வலுவானது: திடீர்த் தாக்குதலில் கத்தியை எடுத்துத் திறக்க நேரம் கிடைப்பதில்லை; நேரம் கிடைக்கும் சூழலில் அநேகமாக ஓடவும் நேரம் கிடைக்கும். எடுத்த கத்தியோ, கைகலப்பில் முடிந்திருக்க வேண்டிய சண்டையை உயிர்ச் சேதத்துக்குக் கொண்டுபோகிறது.

இரத்தப் போக்கை நிறுத்துதல்

முதலுதவியைக் கற்பிக்காத கத்திப் பயிற்சி பாதிப் பயிற்சிதான். தப்பித்த உடனே உங்கள் உடலை நீங்களே கைகளால் தடவிப் பாருங்கள்: கழுத்து, அக்குள், விலா, வயிறு, இடுப்பு மடிப்பு, தொடையின் உட்புறம். தடவிய கையை வெளிச்சத்தில் பாருங்கள். பதற்றம் வலியை மறைத்துவிடுவதால், காயமில்லை என்ற உணர்வை நம்ப வேண்டாம். வயது வந்தவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இழப்பது உடனடி உயிராபத்து. பெரிய தமனி அறுபட்டால் அதற்குச் சில நிமிடங்களே போதும்.

கை கால்களில் பீறிடும் இரத்தத்துக்கு டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மீது விழாதபடி கட்டி, இரத்தம் நிற்கும் வரை இறுக்க வேண்டும். வலிக்கும், தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். பட்டை கட்ட முடியாத அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். மார்பிலும் வயிற்றிலும் உள்ள காயங்களுக்குள் எதையும் திணிக்கக்கூடாது. குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கக்கூடாது. அதைச் சுற்றித் துணியை அணைத்து அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வயிற்றிலிருந்து உறுப்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத்துணியால் மூடுங்கள். இறுக்குப் பட்டையை இருட்டில், ஒரு கையால், தன் மேலேயே கட்டிக்கொள்ளும் பயிற்சியை வகுப்பின் மிகக் களைப்பான வேளையில் வைப்பது பயனுள்ளது.

தாக்கியவர் காயமுற்று, இனி ஆபத்தில்லை என்பதும் உறுதியானால், அவருக்கும் மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். அது மனித நெறி. உங்கள் நோக்கம் தப்பிப்பது மட்டுமே என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றும் குறைவு.

நிகழ்வுக்குப் பிறகு

பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் அவசர உதவியை நீங்களே முதலில் அழையுங்கள். தாக்கப்பட்டேன், இந்த இடம், இத்தனை பேருக்குக் காயம், கத்தி இங்கே கிடக்கிறது, தாக்கியவர் இந்தத் திசையில் சென்றார் என்ற அளவு போதும். காவலர் வரும்போது உங்கள் கையில் கத்தி இருக்கக்கூடாது. அவர்களுக்கு யார் யாரென்று தெரியாது. கைகள் தெரியும்படி நின்று, சொல்வதைச் செய்யுங்கள். கத்தியைத் துடைக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். பிறர் எடுத்துவிடும் ஆபத்து இருந்தால் மட்டும் அதன் அருகே ஒருவரை நிறுத்துங்கள். கண்டவர்களின் பெயரையும், அருகில் கண்காணிப்புக் கேமரா இருப்பதையும் சுட்டிக்காட்டுங்கள். விரிவான வாக்குமூலத்தை, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வரை, வழக்கறிஞரோடு பேசிய பிறகு அளிப்பது நல்லது. மறைப்பதற்காக இப்படிச் செய்வதில்லை. அதிர்ச்சியில் இருக்கும் மனம் வரிசையையும் தொலைவுகளையும் தவறாகச் சொல்லிவிடும் என்பதே காரணம். சமூக ஊடகத்தில் ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

அடுத்த வாரங்களில் தூக்கம் கெடலாம், நிகழ்வு திரும்பத் திரும்பக் கண்முன் வரலாம், சிறு சத்தத்துக்கும் உடல் துள்ளலாம். இவை சில வாரங்களில் தணிவது வழக்கம்; தணியாமல் நீடித்தால் மனநல மருத்துவரை நாட வேண்டும். அத்தகைய மாணவர் கூடத்துக்குத் திரும்பும்போது, அவரை உடனே கத்திச் சுற்றுகளில் இறக்காமல், முதலில் நிறுத்தச் சொல்லை அவர் கையில் கொடுத்து, கவனிப்பவராக நிறுத்துவது ஏற்றது. எந்த வேகத்தில், எந்தச் சுற்றில் மீண்டும் நுழைவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.